ஆலை கேட்டில் பதிவானவர் யாருடைய ஆள்?

தொழிலாளர் சட்டம்: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

சென்னையை அடுத்த தொழிற்பேட்டை ஒன்றில், வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஆலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆலையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 310 பேர். நான்கு ஒப்பந்ததாரர்கள் மூலம் வருபவர்கள் 240 பேர். இவர்கள் பிரஸ் ஷாப் (தகட்டை அழுத்தி உதிரிபாகம் எடுக்கும் பிரிவு), பேக்கிங், ஹவுஸ்கீப்பிங், கேண்டீன், செக்யூரிட்டி என்று பரவியிருக்கிறார்கள். அப்ரண்டிஸ்கள் 45 பேர். ‘டெம்பரரி’ என்ற பெயரில் ஆலையே நேரடியாக வவுச்சரில் சம்பளம் கொடுப்பவர்கள் 30 பேர். இது போக மெஷின் சர்வீசுக்கு வரும் வெளி நிறுவன இன்ஜினியர்கள், டை டிசைன் செய்து தரும் ஃப்ரீலான்சர்கள் மூவர். இப்போது புதிதாக ஆள் மேலாண்மை மென்பொருள் வாங்குகிறார்கள். நிரந்தரத் தொழிலாளர் தவிர மற்ற எல்லாரையும் ‘எக்ஸ்டர்னல்’ என்ற ஒரே வகையில் போட்டுவிடச் சொல்கிறது நிர்வாகம். ஆலோசகர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘ஒப்பந்தத் தொழிலாளர்களின் வருகைப்பதிவை நாம் வைத்திருந்தால், நாளை கோர்ட்டில் அவர்கள் நம்ம ஆட்கள் என்று ஆகிவிடும். பில் பாஸானதும் பெயர்களை நீக்கிவிடுங்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஐடியை அழித்துப் புது ஐடி கொடுங்கள்’ என்கிறாராம்.

இதற்கிடையில் போன மாதம் ஒரு விபத்து. ஒடிசாவிலிருந்து வந்த 24 வயது இளைஞர், பேக்கிங் வேலைக்கான ஒர்க் ஆர்டரில் உள்ளே வந்தவர், பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை இழந்துவிட்டார். ‘முந்தின நாள்தான் சேர்ந்தார், அதனால் இஎஸ்ஐ பதிவு இன்னும் ஆகவில்லை’ என்கிறார் ஒப்பந்ததாரர். கேட்டில் உள்ள கருவியோ அவர் நான்கு மாதமாக வருகிறார் என்று காட்டுகிறது. ‘அந்தத் தேதியைச் சரிசெய்துவிடுங்கள்’ என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். வாசகி இன்னும் கைவைக்கவில்லை. ஆலோசகர் சொல்வது சரியா, வகைகளை எப்படிப் பிரிப்பது, நாளை தான் மாட்டிக்கொள்வோமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அடிபட்டவருக்கு இப்போதே செய்ய வேண்டியது

அந்தத் தேதியைத் தொடாதீர்கள். கேட் கருவியின் பதிவை, அவர் முதல் முறை உள்ளே வந்த நாளிலிருந்து விபத்து நாள் வரை, இன்றைக்கே பதிவிறக்கி, நிர்வாகத்தின் பொது மெயில் பெட்டிக்கு அனுப்பி வையுங்கள். அவர் நான்கு மாதம் வேலை செய்தார் என்பதற்கு அவரிடம் வேறு சான்று இல்லாமல் இருக்கலாம். இந்த வழக்கில் அவர் பக்கம் நிற்கும் முதல் சாட்சி அந்தக் கருவிதான்.

இஎஸ்ஐ பதிவு ஆகவில்லை என்பதாலேயே அவருடைய உரிமை போய்விடாது. இஎஸ்ஐ பொருந்தும் ஆலையில், அதற்குள் வரும் சம்பளத்தில், வேலை நேரத்தில் அடிபட்டிருக்கிறார். பணம் கட்டத் தவறியது வேலை கொடுத்தவரின் குறை. அந்தக் குறையால் தொழிலாளிக்குப் பலன் மறுக்கப்படக்கூடாது என்பதற்காகவே, பலனைக் கொடுத்துவிட்டு, ஆன செலவை நிறுவனத்திடம் வசூலிக்கும் அதிகாரம் இஎஸ்ஐ கழகத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. சிகிச்சைக் காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பலனாகக் கிடைக்கும். விரல் இழப்பு நிரந்தர ஊனம். அதன் அளவை மருத்துவக் குழு தீர்மானிக்கும், அதற்கேற்ப அவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொகை வரும். இஎஸ்ஐ-க்கான விபத்து அறிக்கையும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கான அறிவிப்பும் போய்விட்டனவா என்று பாருங்கள். போகவில்லை என்றால், தாமதமானாலும் உண்மையான தேதியோடு அனுப்புவதுதான் வழி.

இன்னொன்று. இந்த மாதிரி நேரத்தில் ஒப்பந்ததாரர் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கி, ஊருக்கு ரயிலேற்றிவிடப் பார்ப்பார். விபத்து இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஒடியா தெரிந்த ஒருவரை வைத்து இதை அந்த இளைஞருக்குப் புரியும்படி சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை ரொம்பவும் உறுத்தியது. விபத்து நடந்ததும் வீட்டுக்குச் சொல்ல நினைத்தபோது, அவர் பதிவில் ‘அவசரத் தொடர்பு’ என்ற இடத்தில் இருந்தது ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசருடைய நம்பர். தேடிப் பார்த்தால் பிரஸ் ஷாப்பில் இருந்த எல்லாருக்கும் அதே நம்பர் என்று எழுதியிருந்தீர்கள். புது மென்பொருளில் முதலில் மாற்ற வேண்டியது அந்த இடத்தைத்தான். ஒரே போன் நம்பர் இரண்டாவது ஆளுக்கு வந்தால் ஏற்காதபடி வைக்கச் சொல்லுங்கள்.

பதிவு வைத்தால் நம்ம ஆளாகிவிடுவாரா?

ஆலோசகரின் பயம் புதிதல்ல, பல ஆலைகளில் இருக்கிறது. ஆனால் அது தவறான இடத்தில் கைவைக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளர் யாருடைய ஊழியர் என்ற கேள்வியை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அலசியிருக்கின்றன. 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒரு வேலையில் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும், அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின், அதாவது ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கும் நிறுவனத்தின், ஊழியர்களாகிவிட மாட்டார்கள். அதே சமயம், ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயம் கண்டால், அவர்கள் முதலிலிருந்தே அந்த நிறுவனத்தின் ஊழியர்கள்தான். கண்துடைப்பா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது? 2014-ல் ஏர் இந்தியா கேண்டீன் தொழிலாளர் தொடுத்த பல்வந்த் ராய் சலூஜா வழக்கில் அந்த அளவுகோல்கள் தொகுக்கப்பட்டன. வேலைக்கு எடுத்தது யார், சம்பளம் கொடுப்பது யார், வேலையை விட்டு நீக்கக்கூடியவர் யார், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், பணி தொடர்ச்சியாக நடக்கிறதா, கட்டுப்பாடும் மேற்பார்வையும் எந்த அளவுக்கு யாரிடம் இருக்கின்றன என்பவை அவை.

கேட்டில் நேரம் பதிவு செய்வது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே எத்தனை பேர், எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பது பாதுகாப்புக் கடமை. தீ விபத்து ஒத்திகையில் அசெம்பிளி பாயின்டில் தலையெண்ணும்போது, கணினியில் பெயர் நீக்கப்பட்ட ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தேட யாரும் போகமாட்டார்கள். தொழிற்சாலைகள் சட்டம் 1948 ‘தொழிலாளி’ என்று சொல்லும்போது, நேரடியாக வந்தவரையும் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரையும் சேர்த்தே சொன்னது. ஆகவே பதிவேடு வைப்பது உங்கள் கடமை. பதிவேட்டை அழித்துவிட்டு நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நின்றால், ‘காட்டினால் பாதகம் என்பதால்தான் காட்டவில்லை’ என்று நீதிபதி அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அப்படியானால் எந்தப் பதிவு உண்மையிலேயே ஆபத்து? உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசரின் லாகினில் ஒப்பந்தத் தொழிலாளியின் லீவு விண்ணப்பம் வந்து, அவர் ‘அப்ரூவ்’ கொடுத்தால் அது ஆபத்து. அவருக்கு ஆண்டு மதிப்பீட்டு மதிப்பெண் போட்டால், உங்கள் லெட்டர்ஹெட்டில் மெமோ போனால், சம்பள உயர்வை உங்கள் எச்.ஆர். தீர்மானித்தால் அதுவும் அப்படித்தான். நிரந்தரத் தொழிலாளருக்காகச் செய்த செட்டிங்கையே அப்படியே நகலெடுத்து வைத்தால் இவையெல்லாம் தானாகவே நுழைந்துவிடும். எனவே ஒப்பந்தத் தொழிலாளரின் லீவு, ஷிஃப்ட் மாற்று, ஒழுங்கு நடவடிக்கை மூன்றும் ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர் லாகினுக்குப் போகட்டும். உங்கள் பக்கம் ‘இன்றைக்கு 18 பேர் தேவை, வந்தது 16’ என்ற அளவில் நிற்கட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. திரையில் ஒப்பந்ததாரர் பெயரைப் போட்டுவிட்டு, நிஜத்தில் உங்கள் ஃபோர்மேன் வாட்ஸ்அப்பில் லீவு கொடுத்துக்கொண்டிருந்தால், மென்பொருள் காப்பாற்றாது. நீதிமன்றம் காகிதத்தை விலக்கிவிட்டு நடைமுறையைத்தான் பார்க்கும். 1978-ல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஒப்பந்ததாரருக்கு அங்கே ஒரு நிஜமான சூப்பர்வைசர் இருக்க வேண்டும். அவர் ஷிஃப்டில் நிற்க வேண்டும். மென்பொருள் அதைப் பதிவுதான் செய்யும், உருவாக்காது.

‘எக்ஸ்டர்னல்’ என்ற ஒரே பெட்டி ஏன் போதாது

உங்கள் நிர்வாகம் ஒரே வகையில் போடச் சொல்வது லைசென்ஸ் கட்டணம் குறையும் என்பதற்காகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மென்பொருள் விற்பவரிடமே பேசித் தீர்க்கலாம். ஒப்பந்தத் தொழிலாளருக்கென்று சிஎல்எம்எஸ் என்ற தனிப் பகுதியைப் பல நிறுவனங்கள் தனி விலைக்குத் தருகின்றன. சட்டம் அந்த 240, 45, 30 பேரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

அடிப்படை அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரே எண், அது என்றைக்கும் மாறாது. அந்த எண்ணுக்குக் கீழே, அவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, யார் மூலம், எந்த வகையில், எந்த ஒர்க் ஆர்டரில், எந்தப் பகுதியில் வேலை செய்தார் என்பது தனித்தனி வரிகளாக ஏறட்டும். ஒருவர் முதலில் அப்ரண்டிஸாக வந்து, பிறகு ஒப்பந்ததாரர் மூலம் வந்து, அப்புறம் வேறொரு ஒப்பந்ததாரருக்கு மாறியிருக்கலாம். வகை மாறும், ஆள் மாறமாட்டார். பதினோரு மாதத்தில் ஐடியை அழிக்கும் யோசனை இங்கேயே அடிபட்டுப்போகிறது. பிஎஃப்-பின் யுஏஎன் எண் எத்தனை முதலாளி மாறினாலும் ஒன்றேதான். அதில் அவருடைய முழு வரலாறும் ஏற்கெனவே இருக்கிறது.

இனி ஒவ்வொரு வகையாக.

*டெம்பரரி 30 பேர்.* இவர்கள் வெளியாட்களே அல்லர். வேலைக்கு எடுத்தது நீங்கள், சம்பளம் கொடுப்பதும் நீங்கள். ‘எக்ஸ்டர்னல்’ என்று போட்டாலும் இவர்கள் உங்கள் ஊழியர்கள்தான். தமிழ்நாட்டில் இதில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். இது மாநிலச் சட்டம். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ரத்து செய்த 29 மத்தியச் சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. இடையில் நான்கு நாள் நிறுத்திவைத்துத் திரும்பக் கூப்பிட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாட்கள் பணித் தொடர்ச்சியை முறிப்பதில்லை. மென்பொருளில் இந்த 30 பேருக்கும் நாள் எண்ணிக்கை ஓடட்டும், 400-ஐத் தொடும்போது நிர்வாகத்துக்கு அறிவிப்பு போகட்டும். முதல் நாளிலிருந்தே பிஎஃப், இஎஸ்ஐ, நியமனக் கடிதம் மூன்றும் வேண்டும். வவுச்சர் முறையை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

*ஒப்பந்தத் தொழிலாளர் 240 பேர்.* 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த தொகுப்பில்தான் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அத்தியாயம் இருக்கிறது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் அது பொருந்தும். நிறுவனத்தின் முதன்மை வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக் கூடாது என்பது அதன் விதி. துப்புரவு, காவல், கேண்டீன், ஏற்று இறக்கு போன்றவை பொதுவாக முதன்மை வேலையாகக் கருதப்படாது. வேலையளவு திடீரென்று கூடி, குறித்த காலத்துக்குள் முடித்தாக வேண்டிய நிலை வந்தால் முதன்மை வேலையிலும் விலக்கு உண்டு. வழக்கமாகவே அந்த வேலை ஒப்பந்ததாரர் மூலம்தான் நடக்கும் என்றாலோ, நாளின் பெரும்பகுதிக்கு முழுநேர ஆள் தேவைப்படாத வேலை என்றாலோகூட விலக்கு கிடைக்கும்.

உங்கள் ஆலையில் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி உதிரிபாகம் எடுப்பதுதான் முதன்மை வேலை. பேக்கிங் ஆர்டரில் வந்தவர் பிரஸ்ஸில் நின்றது எப்படி என்ற கேள்வி அதனால்தான் விரல்களோடு முடியாது. ஒவ்வொருவருக்கும் ‘ஒர்க் ஆர்டரில் உள்ள வேலை’, ‘இன்று நின்ற இடம்’ என்று இரண்டு கட்டங்கள் வையுங்கள். இரண்டும் பொருந்தாதபோது அன்றைக்கே தெரிய வேண்டும். பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், கிரேன் போன்ற ஆபத்தான கருவிகளுக்குப் பயிற்சிப் பதிவு இல்லாதவர் பெயரை ஷிஃப்ட் பட்டியலில் சேர்க்கவே முடியாதபடி பூட்டுங்கள். பயிற்சி எந்த மொழியில் நடந்தது என்பதும் அதில் ஏறட்டும். தமிழில் வகுப்பெடுத்து ஒடியாக்காரரிடம் கையெழுத்து வாங்கிய தாளைப் பயிற்சி என்று சொல்லமுடியாது.

ஒப்பந்ததாரர் பக்கம் லைசென்ஸ் எண், அது எதுவரை செல்லும், எத்தனை பேருக்கு அனுமதி என்பவை ஏறட்டும். அறுபது பேருக்கு அனுமதி வாங்கியவர் 62 பேரை உள்ளே அனுப்பினால் 61-ஆவது ஆளுக்குக் கேட் பாஸ் அச்சாகக் கூடாது. யுஏஎன், இஎஸ்ஐ எண்கள் இல்லாமலும் அச்சாகக் கூடாது. இஎஸ்ஐ பதிவு இணையத்திலேயே முடிகிற வேலை. ‘முந்தின நாள்தான் சேர்ந்தார்’ என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது. பூட்டு இறுகினால் ஒருவர் பாஸில் இன்னொருவரை அனுப்புவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். பாஸில் உள்ள முகத்தைப் பார்த்து அனுப்பும் பொறுப்பு செக்யூரிட்டியிடம் இருக்க வேண்டும்.

*அப்ரண்டிஸ் 45 பேர்.* அப்ரண்டிஸ் சட்டம் 1961-ன்படி பதிவான ஒப்பந்தம் இருக்கும்வரை இவர்கள் பயிற்சியாளர்கள், தொழிலாளர்கள் அல்லர். பிஎஃப், இஎஸ்ஐ வராது. ஆனால் பாதுகாப்பு விதிகள் முழுதும் பொருந்தும். அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம். இஎஸ்ஐ இல்லாததால் அந்தச் சுமை நேராக உங்கள் மேல் விழும். அரசின் அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓ.டி. போடக் கூடாது என்பதால், அந்த வகைக்கு ஓ.டி. பட்டனையே எடுத்துவிடச் சொல்லுங்கள். பயிற்சி முடியும் தேதியில் பாஸ் தானாக முடிய வேண்டும். முடிந்த பிறகும் அதே மெஷினில், அதே உதவித்தொகையில் நிற்பவரை அப்ரண்டிஸ் என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

*சர்வீஸ் இன்ஜினியர்கள், ஃப்ரீலான்சர்கள்.* இன்ஜினியருக்கு அவருடைய நிறுவனப் பெயர், காப்பீடு, பாதுகாப்பு அறிமுகம், ஒர்க் பெர்மிட், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் போதும். ஃப்ரீலான்சரை வருகைப்பதிவில் கொண்டுவரவே வேண்டாம். வேலை ஒப்பந்தம், இன்வாய்ஸ், டிடிஎஸ், அவ்வளவுதான். ஆனால் மூவரில் ஒருவர் மூன்று வருடமாகத் தினமும் ஒன்பது மணிக்கு வந்து உங்கள் கணினியில் உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ஃப்ரீலான்சர் என்று அழைப்பது நிலைக்காது. அவரோடு தனியாக உட்கார்ந்து பேசி முறைப்படுத்துங்கள்.

இப்படி வகை பிரிப்பது பிரித்து ஒதுக்குவதற்காக அல்ல. சில இடங்களில் சட்டம் எல்லாரையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. கேண்டீன் வைக்க வேண்டிய 100 பேர் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. அப்ரண்டிஸ் எடுக்க வேண்டிய 2.5 முதல் 15 சதவீதக் கணக்கிலும் அவர்கள் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டமோ ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், தினக்கூலி எல்லாரையும் ஊழியர் என்றே சொல்கிறது. ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் பெண்களுக்கு உங்கள் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கும் முழு உரிமை உண்டு. அந்தக் குழு இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

பில் பாஸாகும் முன்பு

‘பிஎஃப், இஎஸ்ஐ ஒப்பந்ததாரர் பொறுப்பு, செலான் நகல் வாங்கி ஃபைலில் வைத்தால் போதும்’ என்று உங்கள் கணக்குப் பிரிவு நினைக்கிறது. அது சரியல்ல. இரண்டிலும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர், அதாவது உங்கள் ஆலை, பிறகு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ளலாம். சம்பளமும் அப்படித்தான். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் நீங்கள் கொடுத்தாக வேண்டும்.

புது மென்பொருளால் மிகப் பெரிய பயன் இங்கேதான் கிடைக்கும். பிரஸ் ஷாப் ஒப்பந்ததாரரின் ஒரு மாதத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கேட் பதிவில் 62 பேர். பில்லிலும் 62 பேர். ஒப்பந்ததாரர் மாதாமாதம் இணையத்தில் பிஎஃப்-புக்குத் தாக்கல் செய்யும் இசிஆர் பட்டியலில் 47 பேர். கேட்டால், ‘மீதி பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்’ என்பார். ஒரு நாள் வேலை செய்தாலும் அந்த ஒரு நாள் சம்பளத்துக்குப் பிஎஃப் உண்டு. இந்த முதல் வடிகட்டியில் சிக்காத இன்னொன்று இருக்கிறது. இசிஆரில் பெயர் இருக்கும், ஆனால் சம்பளமில்லாத நாட்களைக் குறிக்கும் என்சிபி கட்டத்தில் 12 என்று போட்டிருப்பார்கள். கேட் பதிவிலோ அவர் 26 நாள் வந்திருப்பார். செலான் தொகை சரியாக இருக்கும், சீலும் இருக்கும். பெயர் பெயராக, நாள் நாளாக ஒப்பிட்டால்தான் பிடிபடும். ஒரே செலானை மூன்று ஆலைகளுக்கு நகலெடுத்துக் கொடுப்பதும் நடக்கிற விஷயம்தான்.

அதனால் யுஏஎன் வாரியாகக் கேட் நாட்கள், பில் நாட்கள், இசிஆர் நாட்கள், வங்கியில் வரவான சம்பளம் நான்கையும் மென்பொருளே ஒப்பிடட்டும். பொருந்தாத பெயர்களுக்கான தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைப் பாஸ் செய்யுங்கள். முழு பில்லையும் நிறுத்தினால், முதலில் சம்பளம் நிற்பது அந்த 62 பேருக்குத்தான். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்று கேட் காட்டினால், ஓ.டி. இரட்டிப்புக் கூலியில் போயிருக்கிறதா என்றும் இதே ஒப்பீட்டில் பார்க்கலாம்.

கைரேகையும் முகப்பதிவும் எடுக்கிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது, அது இவர்களுக்கும் பொருந்தும். எதற்காக எடுக்கிறோம் என்று அவர்கள் மொழியில் சொல்லி எடுங்கள். பணி வரலாற்றை வைத்திருக்க வேண்டும், ஆனால் விட்டுப்போனவரின் கைரேகை உங்களுக்குத் தேவையில்லை. ஆதார் நகலை ஒப்பந்ததாரரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் நிலை

நீங்கள் மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தீர்கள். விபத்துக்கும் பதிவுக் குறைபாட்டுக்கும் சட்டம் முதலில் பொறுப்பாக்குவது ஆலையின் உரிமைப் பொறுப்பாளரையும் மேலாளரையும். மனிதவளப் பிரிவில் இருப்பதாலேயே அந்தப் பொறுப்பு உங்கள் மேல் வராது. ஆனால் உங்கள் லாகினில் தேதியை மாற்றினால் நிலைமை வேறு. மாற்றியவர் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்று மென்பொருளின் தணிக்கைப் பதிவு சொல்லிவிடும். ஏமாற்றும் நோக்கில் மின்னணுப் பதிவைப் பொய்யாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். மேலாளர் வாயால் சொன்னது எங்கும் இருக்காது, உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

மேலாளரோடு மோத வேண்டிய அவசியமில்லை. அவருக்கும் இது பாதுகாப்புதான் என்ற தொனியில், நான்கு வரி மெயில் போதும்: ‘விபத்துக்குள்ளானவரின் சேர்ந்த தேதி குறித்து நேற்றுப் பேசினோம். கேட் பதிவில் உள்ள தேதியே சரியானது என்பதால் அதை மாற்றவில்லை. பதிவின் நகலை இணைத்துள்ளேன். இஎஸ்ஐ அறிக்கை இதே தேதியோடு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.’ குற்றச்சாட்டு எதுவும் இதில் இல்லை. இதைப் பார்த்த பிறகு எழுத்தில் ‘மாற்று’ என்று சொல்ல யாரும் சுலபத்தில் துணியமாட்டார்கள்.

மறுபடியும் வாய்மொழியாகவே வற்புறுத்தினால், அன்றைக்கே அந்த மெயிலுக்குக் கீழே ‘இன்று நீங்கள் சொன்னது’ என்று தேதியோடு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். மென்பொருளில் சேர்ந்த தேதியைத் திருத்தும் அனுமதியை உங்கள் லாகினிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பேர் ஒப்புதல் இருந்தால்தான் மாறும்படி வைக்கவும் இப்போதே கேளுங்கள். மென்பொருள் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் அது வெறும் செட்டிங். அப்புறம் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், காரணமும் கேட்பார்கள்.